நான்கு பிளைவூட் பலகையில் ஒரு சம்பான்: வீட்டிலேயே கட்டுவது எப்படி?

2021 டிசம்பர் வெள்ளத்தை சிலாங்கூர் மக்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கூரைகளிலும் மேல்மாடிகளிலும் குடும்பங்கள் உணவும் தண்ணீரும் இன்றிக் காத்துக் கிடந்தன. மீட்புப் படகுகள் போதவில்லை என்ற குறை நாடெங்கும் எழுந்தது. கயாக்கும் சிறு படகும் வைத்திருந்த பொதுமக்கள் அவற்றை லோரியில் ஏற்றிக்கொண்டு வந்து தாங்களாகவே மீட்புப் பணியில் இறங்கினர். ஒரு குடியிருப்பில் ஒரே ஒரு சிறு படகு இருந்தால் அது எவ்வளவு பெரிய உதவி என்பதை அந்த நாட்கள் காட்டின.

நமது கோலா சிலாங்கூர் மாவட்டம் ஆற்றோடும் கால்வாயோடும் கடலோடும் ஒட்டிய மாவட்டம். பெஸ்தாரி ஜெயாவைக் கடந்து, மின்மினிப் பூச்சிகளுக்குப் பெயர்போன கம்போங் குவாந்தான் வழியாக வளைந்து வளைந்து வரும் சிலாங்கூர் ஆறு, பட்டணத்தின் அருகே கடலில் கலக்கிறது. வடக்கே தஞ்சோங் காராங், செகிஞ்சான் வரை நெல்வயல்களும் நீர்ப்பாசனக் கால்வாய்களும் பரந்து கிடக்கின்றன. பெஸ்தாரி ஜெயா பக்கம் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகள் ஏராளம்.

இவ்வளவு தண்ணீருக்கு நடுவே வாழ்ந்தாலும் படகு நம்மவர்களின் கைக்கு வந்த பொருளாக இருந்ததில்லை. தோட்டத்தில் பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் வாழ்ந்த சமூகம் இது. ஆனால் தச்சு வேலை, வெல்டிங், மோட்டார் பழுதுபார்ப்பு என்று கைத்தொழில் தெரிந்தவர்கள் ஒவ்வொரு தாமானிலும் இருக்கிறார்கள். ஒரு சிறு பிளைவூட் படகைக் கட்ட அந்தத் திறமையே போதும். சாதாரண கைக்கருவிகள், ஒரு கார் நிறுத்துமிடம், நான்கைந்து வார இறுதிகள், இரண்டு மூன்று பேர் இருந்தால் வேலை முடியும்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இத்தகைய படகின் ஆயுளும் அதில் ஏறுபவர்களின் உயிரும் கண்ணுக்குத் தெரியாத மூன்று இடங்களில் இருக்கின்றன. பலகையின் உள்ளே இருக்கும் பசை, பலகையின் வெட்டு விளிம்பு, இருக்கைக்கு அடியில் உள்ள காற்றறை ஆகியவையே அவை. வேறு எதில் வேண்டுமானாலும் சிக்கனம் பார்க்கலாம். இந்த மூன்றில் பார்க்கக் கூடாது.

பிளைவூட் எப்படிப் படகானது?

திரங்கானு மாநிலத்தின் பூலாவ் டூயோங்கில் செங்கால் மரத்தில் பெரிய படகுகள் கட்டும் கைவினைஞர்கள் இருக்கிறார்கள். காகித வரைபடம் இல்லாமல், பலகைக்குப் பலகை மர ஆணி அடித்து, இடையில் கெலாம் மரப்பட்டையை வைத்து நீர் புகாமல் அடைக்கும் கலை அது. பல ஆண்டுகள் கூடவே இருந்து பழகினால்தான் கைவரும். செங்கால் மரமும் இன்று அரிதாகி, விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது.

பிளைவூட் இந்த நிலையை மாற்றியது. மெல்லிய மரத்தாள்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டுவதால் பலகை எளிதில் பிளக்காது. 4 அடிக்கு 8 அடி என்ற அகலத்தில் கிடைப்பதால், பல பலகைகளைச் சேர்த்து இடுக்குகளை அடைக்கும் வேலையும் பெருமளவு குறைகிறது.

வீட்டில் கட்டுவோருக்கு வழி திறந்துவிட்டதில் ஒரு நாளிதழுக்கும் பங்கு உண்டு. 1963இல் பிரிட்டனின் டெய்லி மிரர் நாளிதழ், சாதாரணக் குடும்பங்களும் கட்டக்கூடிய ‘மிரர்’ என்ற சிறு பாய்மரப் படகை அறிமுகப்படுத்தியது. ஜேக் ஹோல்ட், பேரி பக்னெல் ஆகிய இருவரும் அதை வடிவமைத்தனர். பிளைவூட் துண்டுகளின் ஓரத்தில் துளையிட்டு, செம்புக் கம்பியால் துணி தைப்பதுபோல் தைத்து, மூலைகளில் பைபர்கிளாஸ் நாடாவைப் பசையோடு ஒட்டுவதே அதன் முறை. உலகெங்கும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மிரர் படகுகள் கட்டப்பட்டன.

அதே ‘தைத்து ஒட்டும்’ முறை தமிழ்நாட்டுக் கடற்கரைக்கும் போனது. கன்னியாகுமரி மாவட்டத்தின் முட்டம் கிராமத்தில் பெல்ஜிய நாட்டவரான பியர் ஜிலே, உள்ளூர் மீனவர்களோடு சேர்ந்து பிளைவூட் படகுகளை உருவாக்கினார். கட்டுமரத்துக்கும் குடைவு வள்ளத்துக்கும் வேண்டிய பெரிய மரங்கள் கிடைப்பது அரிதாகி விலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. 1980களில் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு இந்தப் படகுகளைத் தன் படகுத் தளங்களில் கட்டிப் பரப்பியது. அலையடிக்கும் கடற்கரையில் தினமும் இறக்கி ஏற்றும் தொழில் படகுக்கே பிளைவூட் தாக்குப்பிடித்தது என்றால், நமது கால்வாய்க்கும் வெள்ளத்துக்கும் அது போதுமா என்ற சந்தேகம் தேவையில்லை. ஆனால் அந்த அனுபவத்தைப் பற்றி ஜிலே எழுதிய நூலுக்கு ‘சிறியது கடினம்’ என்று பொருள்படும் தலைப்பையே வைத்தார். சின்னப் படகுதானே என்று அலட்சியமாகச் செய்யக் கூடாது என்பதற்கு அந்தத் தலைப்பே போதும்.

எந்த அளவு, எந்த வடிவம்?

முதல் படகுக்கு ஏற்றது சுமார் 12 அடி நீளத்தில், முன்முனை கூர்மையாக, அடி தட்டையாக உள்ள படகு. தட்டை அடி கொண்ட படகு ஆழம் குறைந்த நீரிலும் ஓடும். ஆள் ஏறி இறங்கும்போது அதிகம் ஆடாது. கட்டுவதும் எளிது.

தேவையான பலகைக் கணக்கு இது. இரு பக்கங்களுக்கும் 6 மில்லிமீட்டர் பலகை ஒன்று. அடிக்கும் பின்பலகைக்கும் நடுச் சட்டத்துக்கும் 9 மில்லிமீட்டர் பலகை இரண்டு. இருக்கைகளுக்கும் காற்றறைகளுக்கும் 6 மில்லிமீட்டர் பலகை ஒன்று. ஆக மொத்தம் நான்கு.

பக்கப் பலகைக்கு ஒரு பலகை எப்படிப் போதும் என்று கேட்கலாம். 4 அடி அகலப் பலகையை நீளவாக்கில் மூன்றாக அறுத்தால், ஏறக்குறைய 16 அங்குல அகலத்தில் 8 அடி நீளத் துண்டுகள் மூன்று கிடைக்கும். அவற்றில் ஒன்றைப் பாதியாக வெட்டி, 8 அடித் துண்டு ஒவ்வொன்றோடும் 4 அடியைச் சேர்த்தால் 12 அடிப் பக்கங்கள் இரண்டு தயார்.

நடுச் சட்டம் அடியில் 3 அடி, மேலே 4 அடி அகலம் இருக்கட்டும். பின்பலகை அடியில் 28 அங்குலம், மேலே 38 அங்குலம் இருக்கட்டும். இப்படி வெளிப்புறம் சாய்ந்த சட்டத்தைச் சுற்றி நேரான பக்கப் பலகையை வளைத்தால், படகின் முன்னும் பின்னும் தானாகவே சற்று மேலெழும். படகுக்கு அழகும், நீரைக் கிழிக்காமல் வழுக்கிச் செல்லும் தன்மையும் தருவது அந்த வளைவே. தனியாக வளைத்து அறுக்க வேண்டியதில்லை.

சுமை எவ்வளவு தாங்கும்? இந்த அளவில் நீரைத் தொடும் அடிப்பரப்பு தோராயமாக 2 சதுர மீட்டர். அதனால் படகு ஒரு சென்டிமீட்டர் அமிழ ஏறக்குறைய 20 கிலோ வேண்டும். படகின் எடை சுமார் 60 கிலோ. தலா 70 கிலோ எடையுள்ள மூவர் ஏறினால் மொத்தம் 270 கிலோ. படகு 13, 14 சென்டிமீட்டர் அமிழும். நீர்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 9 அங்குலப் பக்கம் மிஞ்சும். அமைதியான நீரில் அது போதுமானது. நான்காவது பெரியவரை ஏற்றினால் அந்த விளிம்பு இன்னும் குறையும். ஆகவே மூன்று பேர் என்பதைப் படகின் உட்புறத்திலேயே பெயிண்டில் எழுதிவைப்பது நல்லது.

பலகை வாங்கும்போது

ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் பிளைவூட் எல்லாம் படகுக்கு ஆகாது. அலமாரிக்குப் பயன்படும் சாதாரணப் பலகையில் ஈரத்தை ஓரளவே தாங்கும் பசை இருக்கும். சில மழை நாட்களிலேயே தாள்கள் பிரிந்து வீங்கிவிடும். வேண்டியது கொதிநீரும் பிரிக்க முடியாத பசை கொண்ட பலகை. கடல்சார் பிளைவூட்டுக்குப் பிஎஸ் 1088 என்ற பிரிட்டிஷ் தரம் உண்டு. அந்தத் தரப் பலகை கிடைத்தால் முதல் தேர்வு அதுவே. விலை கட்டுப்படாவிட்டால் கொதிநீர் தாங்கும் கட்டுமானப் பலகையில் நல்லதைத் தேர்ந்தெடுக்கலாம். ‘மரைன்’ என்று கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம்.

சோதனை எளிது. கடையில் ஒரு சிறு துண்டு கேட்டு வாங்கி, சில மணி நேரம் கொதிக்க வையுங்கள். வெயிலில் நன்கு காய வைத்து மறுபடியும் கொதிக்க வையுங்கள். தாள்கள் பிரிந்தால் அந்தப் பலகையை விட்டுவிடுங்கள்.

அடுத்து விளிம்பைப் பாருங்கள். அடுக்குகளுக்கு இடையே ஓட்டை தெரிந்தால் உள்ளேயும் ஓட்டை இருக்கும். அந்த இடத்தில் பலகை வளைக்கும்போது முறியும். பலகையின் மேல் நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால், வெற்றிடம் உள்ள பகுதியில் ஓசை மாறும். கான்கிரீட் வேலைக்கு வரும் பளபளப்பான பூச்சுப் பலகையையும் தவிர்க்க வேண்டும். அந்தப் பூச்சின் மேல் பசை பிடிக்காது.

விளிம்புக் கட்டைகளுக்கு மெராந்தி போன்ற நேரான நரம்புள்ள மரம் போதும். ரப்பர் மரம் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். தோட்டத்தில் வெட்டிப் போட்ட ரப்பர் மரம் சில நாட்களிலேயே நீலம் பூத்துப் பூச்சி துளைப்பதை நம் மூத்தவர்கள் பார்த்திருப்பார்கள். மருந்தூட்டிக் காயவைத்தால் அது நல்ல மேசை நாற்காலியாகும். ஆனால் ஈரத்தில் கிடக்கும் படகுக்கு அந்த மரம் நிலைக்காது.

பசையில் கைவைக்க வேண்டாம்

இந்த முறையில் படகை நிறுத்துவது ஆணி இல்லை, எபோக்சி பசை. இரு பாகங்களாக வரும். தயாரிப்பாளர் டப்பாவில் எழுதியிருக்கும் விகிதத்தில் சரியாக அளந்து கலக்க வேண்டும். கடினப்படுத்தியைக் கூடுதலாக ஊற்றினால் சீக்கிரம் இறுகும் என்று நினைப்பது தவறு. அப்படிச் செய்தால் பசை கடைசிவரை பிசுபிசுப்பாகவே இருக்கும். இந்த அளவுப் படகுக்கு ஒட்டுவதற்கும் பூசுவதற்கும் சேர்த்து 7, 8 கிலோ வரை தேவைப்படலாம். பலகைக்கு ஆகும் செலவுக்கு நிகராகவோ அதற்கு மேலாகவோ பசைச் செலவு வரக்கூடும். பட்ஜெட் போடும்போதே இதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படகுக் கடைகளில் கிடைக்கும் மலிவான பாலியெஸ்டர் ரெசினை இதற்குப் பதிலாகப் பயன்படுத்தலாமா என்று பலர் கேட்பதுண்டு. பைபர் படகுக்கு அது பொருந்தும். மரத்தின் மேல் அதன் பிடி பலவீனமானது. நாளடைவில் தோல்போல் உரிந்து வரும்.

நமது வெப்பநிலையில் எபோக்சி வேகமாக இறுகும். ஒரு கோப்பை நிறையக் கலந்து வைத்தால் அது தானே சூடேறிப் புகையத் தொடங்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, அகலமான தட்டில் பரப்பி வைத்துப் பயன்படுத்துங்கள். காலை நேரமோ மாலை நேரமோ நல்லது. ஈரக்காற்றில் இறுகிய பசையின் மேல் மெழுகு போன்ற படலம் படியலாம். அடுத்த பூச்சுக்கு முன் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, காயவைத்து, உப்புத்தாள் போட வேண்டும்.

கையுறை கட்டாயம். எபோக்சி திரும்பத் திரும்பத் தோலில் பட்டால் ஒவ்வாமை உண்டாகி, பிறகு அருகிலேயே போக முடியாத நிலை வரலாம். உப்புத்தாள் தேய்க்கும்போது முகமூடி அணியுங்கள். பிள்ளைகளை அந்த இடத்தில் விளையாட விடாதீர்கள்.

கட்டும் வரிசை

முதலில் மணிலா அட்டையில் மாதிரி செய்யுங்கள். ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் 12 அங்குல நீளப் படகு வரும். செல்லோடேப்பால் ஒட்டி வளைத்துப் பார்த்தால் எந்தத் துண்டு எங்கே வரும் என்பது அரை மணி நேரத்தில் விளங்கிவிடும். தமிழ்ப்பள்ளியில் ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ படிக்கும் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுக்கலாம்.

அடுத்து, பக்கத் துண்டுகளைச் சேர்த்து 12 அடியாக்க வேண்டும். இணைப்பின் உட்புறம் 6 அங்குல அகலப் பலகைத் துண்டை எபோக்சியால் ஒட்டி, மேலே கனம் வைத்து ஒரு நாள் விடுங்கள். அடியில் பிளாஸ்டிக் தாள் விரிக்க மறந்தால் படகு தரையோடு ஒட்டிக்கொள்ளும். பக்கப் பலகையின் இணைப்பு பின்முனையிலிருந்து 4 அடியில் வரட்டும். முன்பகுதியில் வளைவு அதிகம் என்பதால் அங்கே இணைப்பு வரக் கூடாது. அடிப்பலகையின் இணைப்பை வேறு இடத்துக்குத் தள்ளுங்கள். இரண்டும் ஒரே கோட்டில் வந்தால் அந்த இடம் பலவீனமாகும்.

பிறகு பக்கப் பலகைகளின் ஓரத்தில், விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே, 6 அங்குலத்துக்கு ஒன்றாகத் துளையிடுங்கள். முன்முனையில் இரு பக்கங்களையும் கேபிள் டையாலோ செம்புக் கம்பியாலோ தைத்து இணையுங்கள். தமிழ் மீனவர்கள் படகின் முன்பக்கத்தை அணியம் என்றும் பின்பக்கத்தை அமரம் என்றும் அழைப்பார்கள். அணியத்தைத் தைத்த பின், நடுச் சட்டத்தை உள்ளே வைத்து, பின்முனைகள் இரண்டையும் கயிற்றால் சுற்றி மெதுவாக முறுக்கி இழுத்து, அமரத்தில் பின்பலகையைப் பொருத்துங்கள். தட்டையான பலகை படகு உருவம் பெறுவதை அப்போது பார்க்கலாம்.

இந்தக் கட்டத்தில் அவசரம் கூடாது. முன்முனையிலிருந்து பின்பலகையின் இடது மூலைக்கும் வலது மூலைக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். நடுச் சட்டத்தின் மேலும் பின்பலகையின் மேலும் நேரான இரண்டு கட்டைகளைக் குறுக்கே வைத்து, பின்னால் நின்று ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். இரண்டும் இணையாகத் தெரியாவிட்டால் படகு முறுக்கியிருக்கிறது என்று பொருள். பசை போட்ட பிறகு அதைத் திருத்தவே முடியாது. முறுக்கிய படகு வாழ்நாள் முழுவதும் ஒரு பக்கமே இழுக்கும்.

எல்லாம் சரியென்றால் படகைக் கவிழ்த்து, சேர்த்து வைத்த அடிப்பலகையை மேலே வைத்து, பென்சிலால் கோடிட்டு, சற்றுக் கூடுதலாக விட்டு அறுத்துத் தையுங்கள்.

மீண்டும் நிமிர்த்தி, உள்மூலைகள் அனைத்திலும் எபோக்சியோடு சலித்த மரத்தூளைப் பிசைந்த கலவையைப் பூசுங்கள். வேர்க்கடலை வெண்ணெய் பதம் இருக்க வேண்டும். ஒரு வட்டமான கரண்டியின் பின்புறத்தால் இழுத்தால் சீரான குழிவு கிடைக்கும். முதலில் தையல்களுக்கு இடையில் மட்டும் பூசி இறுகவிட்டு, தையலை வெட்டி எடுத்து, மீதியை நிரப்பி, அதன் மேல் 3 அங்குல பைபர்கிளாஸ் நாடாவை எபோக்சியில் நனைத்து ஒட்டுங்கள். அது இறுகியதும் படகைக் கவிழ்த்து, வெளி மூலைகளை உருட்டிவிட்டு அங்கும் நாடா ஒட்டுங்கள். உள்ளும் புறமும் நாடா பிடித்த மூலை, பலகையைவிட உறுதியாக இருக்கும்.

மேல்விளிம்பின் இருபுறமும் மரக்கட்டை ஒட்டினால் படகு விறைப்பாகும். பிடித்துத் தூக்கவும் கயிறு கட்டவும் அதுவே உதவும். அடியில், பின்பக்க நடுவில் ஒரு சிறு கட்டையை நீளவாக்கில் பொருத்துங்கள். அது இல்லையென்றால் தட்டை அடிப் படகு துடுப்புப் போடும்போது நேராகப் போகாமல் சுழலும்.

வெட்டு விளிம்பும் காற்றறையும்

பிளைவூட்டின் முகப்பு வழியாக நீர் மெதுவாகத்தான் போகும். வெட்டிய விளிம்பு வழியாகவோ உறிஞ்சுகுழல்போல் ஏறும். படகு உளுத்துப்போனால் பெரும்பாலும் அது விளிம்பிலும் திருகாணித் துளையிலும்தான் தொடங்கியிருக்கும். ஆகவே ஒவ்வொரு விளிம்புக்கும் அது குடிப்பதை நிறுத்தும் வரை எபோக்சி கொடுங்கள். திருகாணி போடும் இடத்தில் முதலில் பெரிய துளையிட்டு, அதை எபோக்சியால் நிரப்பி, இறுகிய பின் அதன் நடுவில் சிறு துளையிடுங்கள். ஆணி வழியாக நீர் புகுந்தாலும் மரத்தை எட்டாது.

அடுத்தது காற்றறை. முன் இருக்கையையும் பின் இருக்கையையும் நாலாபுறமும் மூடிய பெட்டியாகக் கட்டுங்கள். 3 அடி அகலம், ஓர் அடி நீளம், ஓர் அடி உயரம் கொண்ட பெட்டி ஏறக்குறைய 85 லிட்டர் காற்றை அடைத்து வைக்கும். படகு நீர் நிரம்பி முழுகினாலும் அந்த ஒரு பெட்டி 85 கிலோ அளவுக்கு மேலே தள்ளும். இரண்டு பெட்டிகள் இருந்தால், நீரில் விழுந்தவர்கள் பிடித்துக்கொண்டு மிதக்கலாம்.

பெட்டி கசிந்தால் என்ன செய்வது? மூடுவதற்கு முன் உள்ளே மூடி இறுக்கிய காலி மினரல் வாட்டர் போத்தல்களை அடுக்கிவிடுங்கள். 1.5 லிட்டர் போத்தல் பத்து இருந்தாலே 15 கிலோ மிதவை. செலவில்லாத இந்த ஏற்பாடு, ஒரு மனிதரின் தலையை நீருக்கு மேலே வைத்திருக்கப் போதும். பெட்டிக்குத் திருகு மூடி ஒன்று வையுங்கள். உள்ளே ஈரம் சேர்ந்தால் திறந்து உலர்த்தலாம்.

கடைசியாகப் படகு முழுவதும் இரண்டு மூன்று சுற்று எபோக்சி பூசி, அதன் மேல் வெளிப்புறப் பெயிண்ட் அடிக்க வேண்டும். எபோக்சி நீரைத் தாங்கும், வெயிலைத் தாங்காது. பெயிண்ட் இல்லையென்றால் மங்கி, பொடிந்து உதிரும். வெள்ளையோ மஞ்சளோ போன்ற வெளிர் நிறம் சூட்டைக் குறைக்கும். வெள்ளத்தில் தூரத்திலிருந்தும் தெரியும்.

நீரில் இறக்கும் முன்

முதல் சோதனையை இடுப்பளவு ஆழமுள்ள, ஓட்டமில்லாத நீரில் செய்யுங்கள். மூவர் ஏறி ஒரே பக்கம் சாய்ந்து பாருங்கள். பிறகு வேண்டுமென்றே படகில் நீர் நிரப்பிப் பாருங்கள். முழுகாமல் சமமாக மிதந்தால் மட்டுமே அது தயார். பெஸ்தாரி ஜெயா பக்கத்துச் சுரங்கக் குட்டைகளில் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம். கரையிலிருந்து இரண்டு அடி வைத்தாலே திடீரென்று ஆழமாகும் குட்டைகள் அங்கே உண்டு.

கோலா சிலாங்கூர் ஆற்றுமுகமும் இந்தப் படகுக்கு உரிய இடமில்லை. கடல் நீர் ஒரு நாளில் இருமுறை ஏறி இருமுறை வற்றும். வற்றும் நேரத்தில் ஆற்றின் ஓட்டமும் சேர்ந்துகொண்டால், துடுப்புப் போடுபவர் எவ்வளவு முயன்றாலும் படகு கடலை நோக்கியே போகும். பாசீர் பெனாம்பாங் மீனவர்கள் கனமான படகும் வலுவான இயந்திரமும் வைத்திருப்பதற்குக் காரணம் அதுதான்.

கம்போங் குவாந்தானில் பயணிகளை இன்றும் துடுப்புப் படகில்தான் அழைத்துச் செல்கிறார்கள். பெரெம்பாங் மரங்களில் கூடி ஒளிரும் மின்மினிகளுக்கு இயந்திரச் சத்தமும் விளக்கொளியும் அலையும் தொல்லை. அந்தப் பகுதியில் நாமும் அதே ஒழுங்கைக் கடைப்பிடிக்க வேண்டும்.

ஆற்றில் ஓட்டுவதற்கும் இயந்திரம் பொருத்துவதற்கும் என்ன அனுமதி வேண்டும் என்பதை மாவட்ட அலுவலகத்திலும் மலேசியக் கடல்துறையிலும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மீன் பிடித்து விற்பதற்காக என்றால் மீன்வளத் துறையின் உரிமம் இல்லாமல் இறங்கக் கூடாது.

வெள்ளத்தில் பயன்படுத்துவோருக்கு

இந்தப் படகு தாமான் சாலைகளில் தேங்கி நிற்கும் வெள்ளத்துக்கு உரியது. முதியவர், கர்ப்பிணி, சிறு பிள்ளை, படுக்கையில் இருக்கும் நோயாளி ஆகியோரை வீட்டிலிருந்து மேட்டுக்குக் கொண்டுவர இது போதும். மருந்து, குடிநீர், உணவு கொண்டுபோகவும் உதவும். பாய்ந்து ஓடும் வெள்ளத்தில் இதை இறக்கக் கூடாது. அங்கே தீயணைப்பு மீட்புப் படையையும் பொதுத் தற்காப்புப் படையையும் அழைப்பதே வழி. அவசர எண் 999.

தேங்கிய நீரிலும் ஆபத்து உண்டு. மின்சாரம் துண்டிக்கப்பட்டதை உறுதிசெய்யாமல் வீடுகளை நெருங்காதீர்கள். பெரிய கால்வாய் எது, சாலை எது என்று தெரியாத அளவுக்கு நீர் நிற்கும்போது, அந்த வட்டாரம் தெரிந்த ஒருவர் முன்னால் உட்கார்ந்து நீண்ட கழியால் ஆழம் பார்த்துக்கொண்டே போக வேண்டும். துடுப்பைவிடக் கழியே அங்கு அதிகம் உதவும். ஏறும் ஒவ்வொருவருக்கும் மிதவை அங்கி வேண்டும். அங்கி வாங்கப் பணம் ஒதுக்காமல் படகு கட்டத் தொடங்க வேண்டாம்.

ஒரு குடும்பத்துக்கு இந்தச் செலவு பாரமாகத் தெரியலாம். ஆலய நிர்வாகமோ இளைஞர் மன்றமோ குடியிருப்பாளர் சங்கமோ பொறுப்பேற்றால் ஒரு தாமானுக்கு ஒரு படகு சாத்தியமே. படகு எங்கே இருக்கிறது, துடுப்பும் அங்கிகளும் எந்த அறையில் இருக்கின்றன, சாவி யார் வீட்டில் இருக்கிறது, யார் யாருக்கு ஓட்டத் தெரியும் என்பதை எழுதி ஒட்டிவைக்க வேண்டும். அந்தப் பட்டியலில் பெண்களும் இருக்கட்டும். பகலில் வெள்ளம் வந்தால் வேலைக்குப் போன ஆண்கள் திரும்பி வர முடியாமல் போகலாம்.

வைக்கும் முறை

மரப்படகுக்கு முதல் எதிரி மழைநீர். உப்புநீரில் பூஞ்சை எளிதில் வளராது. படகுக்குள் தேங்கும் மழைநீரில் நன்றாக வளரும். ஆகவே படகைக் கூரைக்கு அடியில், கவிழ்த்து, தரையில் படாமல் செங்கல் அடுக்கின் மேல் வையுங்கள். மண்ணைத் தொட்டால் கரையான் ஏறும். காற்று உள்ளே புகுந்து வெளியேற இடம் இருக்கட்டும்.

ஆண்டுக்கு இருமுறை விளிம்புகளையும் மூலைகளையும் பாருங்கள். பெயிண்ட் கொப்புளித்த இடம் இருந்தால் சுரண்டி, நன்கு காயவைத்து, எபோக்சியும் பெயிண்டும் போடுங்கள். மழைக்காலம் தொடங்கும் முன், அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை படகை வெளியே எடுத்து, நீரில் இறக்கி, புதிதாக இரண்டு பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுங்கள். மூன்று ஆண்டு மூலையில் கிடந்த படகு வெள்ளத்தன்று கசிகிறதா என்பதை அன்றுதான் கண்டுபிடிப்பது மிகத் தாமதம்.